லோயரம்மாவை அப்புக்காத்து ஆக்கிய வழக்கு

போன மாதம் எங்கள் அலுவலக வாசலில் புதிய பெயர்ப்பலகை மாட்டினார்கள். எங்கள் அலுவலகம் என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிடுகிறது. நான் ஓய்வு பெற்று எத்தனையோ காலம். இப்போது அங்கே போனால் தேநீர் தந்து விருந்தாளிக் கதிரையில் இருத்துகிறார்கள். அதுவே எனக்கு எரிச்சல்.

பலகைக்குச் சொந்தக்காரி துளசி. ஜேர்மனியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை, சட்டத்தரணி. குடிவரவுச் சட்டத்தில் ‘ஃபாக்அன்வால்ட்’ பட்டம் எடுத்திருக்கிறாள். ஒரே துறையில் நிறைய வழக்குப் பார்த்து, அதற்கென்று தனியாகப் படித்து, இரண்டையும் சட்டத்தரணிகள் சங்கத்திடம் நிரூபித்தால் கிடைக்கிற நிபுணர் பட்டம் அது. எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்று எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கச் சொன்னாள். வகுப்பாம், பரீட்சையாம், பார்த்த வழக்குகளின் பட்டியலாம்.

“உன்ர கட்சிக்காரர் ஒருத்தரும் உனக்கு உதவிக்கு வரேல்லையோ?” என்று கேட்டேன்.

“அவைக்கு இப்பிடியொரு பட்டம் இருக்கிறதே தெரியாது, அன்ரி.”

“குடுத்துவைச்சனி” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிடித்துக்கொண்டாள். எழுதித் தாங்கோ என்று கரைச்சலும் தந்தாள். அதனால் எழுதுகிறேன்.

என் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மன்னாரில் காணி உறுதி எழுதுகிற ஒரு பிரக்கிராசியிடம் தட்டச்சு வேலை பார்த்தேன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எல்லோரையும் போல நானும் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பெர்லினின் கிழக்குப் பக்கத்திலிருந்து மேற்குப் பக்கம் வந்து, ஆஹென் நகரத்தில் வந்து விழுந்தேன். எனக்கு அகதி அந்தஸ்து விரைவாகக் கிடைத்துவிட்டது. அதனால் வேலை செய்ய அனுமதியும் கிடைத்தது. ஃபிராவ் ஹார்ட்விக் என்ற சட்டத்தரணி அம்மா என்னை மொழிபெயர்க்கவும் தட்டச்சுக்கும் எடுத்தார். வேகமாகத் தட்டச்சு செய்வேன், அதிகம் கதைக்கமாட்டேன் என்று நினைத்து எடுத்ததாகப் பிறகு ஒருநாள் சொன்னார். முதலாவது சரி.

ஃபிராவ் ஹார்ட்விக்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நல்ல உயரம். அலுவலகத்துக்குள் சப்பாத்துப் போடமாட்டார். கம்பளிக் காலுறையோடு நடப்பார். அவர் வருவது ஒருவருக்கும் கேட்காது. வம்பளந்துகொண்டிருந்த கட்சிக்காரர்கள் திடீரென்று நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே அவர் நிற்பார். அப்பிள் சாப்பிட்டால் விதை, நடுத்தண்டு ஒன்றும் மிஞ்சாது. காம்பு மட்டும் மேசையில் கிடக்கும். ஒலிப்பதிவுக் கருவியில் கடிதம் சொல்லும்போது காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லுவார். பழக்கதோஷத்தில் சில நாட்களில் எனக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு ‘முற்றுப்புள்ளி’ என்பார்.

அவருக்கு இரண்டு கொள்கைகள். ஒன்று, எல்லாம் வரிசைப்படி. கோப்பு வரிசைப்படி, ஆட்கள் வரிசைப்படி, கதையும் வரிசைப்படி. உயிர் தப்பி ஓடிவந்த மனிதர் முதலில் அடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, “வரிசைப்படி. எங்கே பிறந்தீர்கள்?” என்பார்.

இரண்டாவது, எதையும் உறுதியாகச் சொல்லமாட்டார். வானத்திலிருந்து நீர் கொட்டும்போதுகூட ‘மழை பெய்கிறது போலிருக்கிறது’ என்பார். ஒரு வழக்கு எவ்வளவு நல்ல வழக்காக இருந்தாலும் அவர் வாயில் வருவது ஒரே வசனம்: ‘வாய்ப்பே இல்லையென்று சொல்வதற்கில்லை.’ இதை நான் அப்படியே மொழிபெயர்க்க வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அவர் ‘ஹ்ம்’ என்றால் நானும் தமிழில் ‘ஹ்ம்’ என்று சொல்லும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வசனத்தைக் கேட்டதும் வளர்ந்த ஆம்பிளைகள்கூட என் மேசைக்கு முன்னால் அழுதிருக்கிறார்கள். “அண்ணை, அழாதேங்கோ, அவ சந்தோசமாச் சொல்லுறா” என்று சொல்ல வாய் உன்னும். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த உரிமை இல்லை. அவர் அறைக்குப் போனபிறகு சொல்லுவேன்.

அந்த நாட்களில்தான் சட்டத்தரணிகள் சங்கம் இந்த நிபுணர் பட்டத்தை மேலும் சில துறைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. அகதி வழக்குக்கென்று தனிப் பட்டம் அப்போது இல்லை. நிர்வாகச் சட்டம் என்ற பெரிய குடைக்குக் கீழேதான் கேட்கவேண்டும். ஃபிராவ் ஹார்ட்விக் கேட்பது என்று முடிவெடுத்தார். பெருமைக்காக இல்லை. அகதிகளுக்கு வாதாடுகிறவர் என்றாலே அலுவலகங்களில் அவரை ஏதோ தருமம் செய்கிற மனிசி போல நடத்தினார்கள். பெயருக்குப் பின்னால் அந்தச் சொல் இருந்தால் கடிதத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிப்பார்கள் என்றார். ‘வாசிக்கலாம்’ என்று திருத்திக்கொண்டார்.

விண்ணப்பத்தோடு அவர் பார்த்த வழக்குகளின் பட்டியல் கொடுக்க வேண்டும். கட்சிக்காரரின் பெயர் தேவையில்லை, முதலெழுத்துப் போதும். ஆனாலும் அவர் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்கச் சொன்னார். யாரிடம்? எங்கள் சனத்திடம்! ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்த்தேன், வேண்டாம் என்று. கேட்கவில்லை.

ஒருவர் வந்தார், “என்ர வழக்கு எத்தினையாம் இடம்?” என்று கேட்டார். இது இடம் பிடிக்கிற விசயமில்லை என்றேன். “சோதினை எண்டா இடம் இருக்கும்தானே” என்றார். இன்னொருவர் முதலெழுத்து மட்டும்தான் வரும் என்றதும் முகத்தைத் தூக்கிக்கொண்டார். “தகப்பன்ர பேரோட முழுசாப் போடுங்கோ, அக்கா. நாளைக்கு வேற ஆரும் தங்கட வழக்கெண்டு சொல்லுவாங்கள்.” பட்டியலில் சேராத ஒருவர், தன் வழக்கில் என்ன குறை கண்டீர்கள் என்று என்னோடு நெடுநாள் கதைக்கவில்லை. அவருடையது பேருந்தில் சீட்டு எடுக்காமல் பிடிபட்ட வழக்கு.

இதெல்லாம் பரவாயில்லை. பெரிய சிக்கல் எது என்றால், இது என்ன பட்டம் என்று அவர்களே விளக்கம் கண்டுபிடித்ததுதான். எங்கள் ஊர் வழக்கில் பிரக்கிராசி என்பவர் உறுதி எழுதுவார், சின்ன வழக்குப் பேசுவார். பெரிய நீதிமன்றத்தில் எழுந்து நின்று முழங்குகிறவர் அப்புக்காத்து. அந்தப் பிரிவை இலங்கைச் சட்டமே எப்போதோ எடுத்துவிட்டது. சனம் எடுக்கவில்லை. அகதிகள் தங்கியிருந்த விடுதியை ஹைம் என்போம். அந்த ஹைமின் சமையலறையில் செய்தி இப்படி வேகியது: லோயரம்மா இவ்வளவு நாளும் பிரக்கிராசிதான், இப்போதுதான் அப்புக்காத்துச் சோதினை எடுக்கிறா.

“அப்ப எங்களுக்கு இதுவரைக்கும் வாதாடினது பிரக்கிராசியோ?” என்று நாலைந்து பேர் பதறிக்கொண்டு வந்தார்கள். அவர் முழுச் சட்டத்தரணி, இது அதற்கு மேலே ஒன்று என்று விளக்கி அனுப்பினேன். சந்தோசமாகத் திரும்பிப் போனார்கள். சமையலறையில் செய்தி மறுபடியும் அடுப்பில் ஏறியது. இந்தத் தடவை இறங்கியபோது அதில் புதிதாக ஒரு வால் முளைத்திருந்தது: நீதிபதி தீர்ப்பு வாசித்த வழக்கு மட்டும்தான் கணக்கில் சேருமாம், பாதியில் முடிந்த வழக்குக்குப் புள்ளி இல்லையாம். யார் இதைச் சொன்னது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தச் சமையலறையில் எப்போதும் அப்படித்தான்.

இதை நற்கருணை போல வாங்கி விழுங்கியவர் சவிரிமுத்து அண்ணை.

சவிரிமுத்து அண்ணை மன்னாரில் பஸ் நடத்துனராக இருந்தவர். ஒருநாள் இராணுவத்தினர் அவருடைய பஸ்ஸை மறித்து அவரைத் தங்கள் முகாமுக்குக் கொண்டுபோய், அடித்து உடம்பில் அடையாளங்கள் வைத்தபிறகு வெளியே விட்டார்கள். அவர் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தார். மனைவி றோசலினும் இரண்டு பெண் பிள்ளைகளும் கடல் கடந்து இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்தார்கள். அகதி விண்ணப்பங்களைப் பார்க்கிற அரசாங்க அலுவலகம் அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டது. விட்டுவிட்டார்கள் என்றால் ஆபத்து இல்லை என்றுதானே பொருள் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போயிருந்தோம். அங்கே வென்றால் குடும்பத்தைக் கூப்பிடலாம். தோற்றால் அவரே திரும்பிப் போகவேண்டி வரலாம்.

வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. கை சும்மா இருக்காது. வாரம் தவறாமல் அலுவலகத்துக்கு வந்து, “தங்கச்சி, ஏதும் கடிதம் வந்ததோ?” என்று கேட்டுவிட்டு, எங்கள் பென்சில்கள் எல்லாவற்றையும் சீவி வைத்துவிட்டுப் போவார். சில நாள் மீன் கட்லட் பொரித்துக் கொண்டுவருவார். ஃபிராவ் ஹார்ட்விக் அதையும் அப்பிள் மாதிரியே மிச்சமில்லாமல் சாப்பிடுவார். ‘மோசமில்லை’ என்பார். நான் அப்படியே மொழிபெயர்ப்பேன். அண்ணை அடுத்த வாரம் மிளகாய்த்தூளைக் கூட்டிக்கொண்டு வருவார். ‘மோசமில்லை’ என்று கண்ணீரோடு சொல்லுவார் ஃபிராவ் ஹார்ட்விக்.

வழக்கு நாள் வந்தது. நாங்கள் டெர்மின் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அண்ணை யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டுப் போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரி, கலியாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி வந்தார். நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்க்க முடியாது. அவர்கள் வேறு ஆள் வைப்பார்கள். அன்று வந்தவர் சுந்தர் என்று ஒரு பையன், மதுரைக்காரர், ஆஹென் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்துக்கொண்டிருந்தவர். நான் பின்வரிசையில் இருந்தேன்.

நீதிபதி வயதானவர், நிதானமானவர். ஃபிராவ் ஹார்ட்விக் எழுந்து வரிசைப்படி சொன்னார். பிறந்த இடம், பஸ், முகாம், அடையாளங்கள். எதிர்ப்பக்கத்தில் அந்த அரசாங்க அலுவலகத்தின் பிரதிநிதி இருந்தார், ஒல்லியான மனிதர். அவர் தன் காகிதங்களைப் புரட்டிவிட்டுத் தொண்டையைச் செருமினார். புதிய அறிக்கை ஒன்று வந்திருக்கிறது, அதைப் பார்த்தால் இந்த மனிதரை அகதியாக ஏற்கத் தங்களுக்குத் தடையில்லை, இப்போதே ஏற்கிறோம் என்றார். வாதி சம்மதித்தால் வழக்கை இத்தோடு முடிக்கலாம், தீர்ப்புத் தேவைப்படாது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு வார்த்தையை அந்தப் பக்கத்திலிருந்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஃபிராவ் ஹார்ட்விக்கின் காது சிவந்தது. அவருக்கு அதுதான் துள்ளிக் குதிப்பது.

சுந்தர் மொழிபெயர்த்தார். “சார், நீங்க ஜெயிச்சிட்டீங்க. ஓகே சொன்னா கேஸ் இங்கேயே முடிஞ்சிடும். ஜட்ஜ்மென்ட் வேண்டியதில்ல.”

அண்ணை எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

“ஏலாது” என்றார்.

சுந்தர் குனிந்து, “சார், ஒரு நிமிஷம். கன்ஃப்யூஸ் ஆகலையே? நீங்க வின் பண்ணிட்டீங்க” என்றார்.

“விளங்குது தம்பி. வெண்டது காணாது. எனக்குத் தீர்ப்பு வேணும். ஐயா தன்ர வாயால வாசிக்கோணும். அந்தத் துரைக்கு என்ர நன்றியைச் சொல்லுங்கோ. ஆனா வழக்குப் பாதியில நிக்கக் கூடாது.”

சுந்தர் அதை ஜேர்மன் மொழியில் சொன்னார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். வாதிக்குத் தான் வென்றது தெரியுமா என்று கேட்கச் சொன்னார். தெரியும் என்றார் அண்ணை. பிறகு ஏன் என்று கேட்கச் சொன்னார். “அது எங்கட லோயரம்மாவுக்கும் எனக்கும் உள்ள விசயம்” என்றார் அண்ணை. ஒல்லி மனிதர் தன் காகிதங்களை மெல்ல அடுக்கத் தொடங்கினார். வாதிக்கே விருப்பமில்லையென்றால் தான் சொன்னதை மறுபடியும் யோசிக்க வேண்டியிருக்கும் என்றார்.

றோசலினும் அந்தப் பிள்ளைகளும் என் கண்ணுக்குள் நின்றார்கள். எட்டி அண்ணையின் கோட்டைப் பிடித்து இழுத்து இருத்த வேண்டும் போலிருந்தது. ஃபிராவ் ஹார்ட்விக் இடைவேளை கேட்டார்.

வெளியே நடைகூடத்தில் நாங்கள் மூவரும் நின்றோம். நீதிமன்றம் என்பதால் ஃபிராவ் ஹார்ட்விக் அன்று சப்பாத்துப் போட்டிருந்தார். அது டக் டக் என்று அங்கேயும் இங்கேயும் நடந்தது. பிறகு என் முன்னால் வந்து நின்று ஜேர்மன் மொழியில் சொன்னார். நான் தயங்கினேன். “மொழிபெயர்” என்றார்.

“அண்ணை, நீங்கள் ஒரு கழுதையாம்.”

அண்ணை தலையாட்டினார். “அவ படிச்சவ, தங்கச்சி. யோசிச்சுத்தான் சொல்லுவா.”

ஃபிராவ் ஹார்ட்விக் ‘போலிருக்கிறது’ என்றோ ‘சொல்வதற்கில்லை’ என்றோ சேர்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“தீர்ப்பில்லாட்டி இந்த வழக்கு அம்மான்ர சோதினைக்குச் சேராதாம். ஹைமில எல்லாரும் சொல்லுறாங்கள். நான் அவவுக்கு என்னத்தைக் குடுக்கிறது? உழைக்க விடுறாங்களில்லை. கட்லட்டுக்கு மீன்கூட மற்றவன்ர காசு. என்னட்டச் சொந்தமா இருக்கிறது இந்த வழக்கு ஒண்டுதான். அதை முழுசாக் குடுப்பமெண்டு நினைச்சன்.”

நான் அதை மொழிபெயர்த்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஃபிராவ் ஹார்ட்விக், வழக்குப் பதிவான அன்றே பட்டியலில் சேர்ந்துவிட்டது, தீர்ப்பு வந்தாலும் வராவிட்டாலும் அது கணக்குத்தான் என்று சொல்லச் சொன்னார்.

“மெய்யே?” என்றார் அண்ணை. முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. “எத்தினையாம் இடம்?”

பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான். கோப்பு வரிசைப்படி அண்ணையின் வழக்கு எங்கேயோ நடுவில், ஒரு வீட்டுக் கூரை உயரம் பற்றிய தகராற்றுக்கும் ஒரு மதுக்கடை அனுமதிக்கும் இடையில் கிடந்தது. நான் மொழிபெயர்த்துவிட்டு ஃபிராவ் ஹார்ட்விக்கின் முகத்தைப் பார்த்தேன்.

“முதலாவது” என்றார் அவர்.

உள்ளே திரும்பிப் போனோம். ஒல்லி மனிதர் பையைப் பூட்டிவிட்டிருந்தார். நீதிபதி வாதியைப் பார்த்தார். அண்ணை மறுபடியும் எழுந்து, மறுபடியும் பொத்தான் போட்டு, “ஓம், சம்மதம். துரையைக் காக்க வைச்சதுக்குக் குறை நினையாதேங்கோ” என்றார். சுந்தர் மூச்சே விடாமல் அதை மொழிபெயர்த்தார். ஒல்லி மனிதர் அண்ணையை ஒருதரம் பார்த்தார், கூரையை ஒருதரம் பார்த்தார், பையைத் திறந்தார். நீதிபதி பதிவு செய்யச் சொன்னார். எல்லாம் முடிந்தது. வெளியே வரும்போது சுந்தர் என்னிடம், “மேடம், உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா?” என்று கேட்டார். “இல்லை, இவர் அமைதியானவர்” என்றேன்.

அலுவலகத்துக்கு வந்ததும் ஃபிராவ் ஹார்ட்விக் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு என் மேசைக்கு வந்தார். பட்டியலை முழுக்க மறுபடியும் தட்டச்சு செய்யச் சொன்னார், சவிரிமுத்து வழக்கை முதலாவதாக வைத்து. “வரிசை குழம்புமே” என்றேன். “குழம்பும்” என்றார். அவ்வளவுதான். முற்றுப்புள்ளிகூடச் சொல்லவில்லை.

சங்கத்தின் குழுவோடு அவருக்கு நேர்முக உரையாடல் நடந்த நாள் காலையில் அலுவலகப் படிக்கட்டில் யாரோ தேங்காய் உடைத்திருந்தார்கள். மெழுகுதிரியும் கொளுத்தியிருந்தார்கள். இரண்டு சமயத்தாரும் கூட்டுச் சேர்ந்திருக்க வேண்டும். தேங்காய்த் தண்ணீரில் கட்டடக் காவலாளி வழுக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழு கேட்ட முதல் கேள்வியே, மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்க முதலாவது வழக்கு மட்டும் ஏன் வரிசை தப்பி நிற்கிறது என்பதுதானாம். கட்சிக்காரர் விரும்பினார் என்றாராம் இவர். அந்த வழக்கில் சட்டரீதியாக என்ன விசேஷம் என்றார்களாம். வாதி வெல்ல மறுத்தார் என்றாராம். அதை விளக்கி முடிக்கவே மிச்ச நேரம் போய்விட்டதாம்.

பட்டம் கிடைத்தது. வாசலில் பித்தளைப் பலகை ஏறியது. அடுத்த வாரமே அதில் பழுப்பு நிறத்தில் ஏதோ அப்பியிருக்கிறது, நாசவேலை என்று காவலாளி கத்திக்கொண்டு வந்தார். போய்ப் பார்த்தேன். பித்தளை துலக்குகிற பழப்புளி. கொஞ்சம் தள்ளி சவிரிமுத்து அண்ணை வாளியோடு நின்றார். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அந்தப் பலகை எங்கள் ஊர்க் கோயில் குத்துவிளக்குப் போல மின்னியது.

ஒரு வருடத்துக்குப் பிறகு றோசலினும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். ஃபிராவ் ஹார்ட்விக்கும் நானும் ரயில் நிலையத்துக்குப் போனோம். வழியெல்லாம், தான் வருவது அவசியமில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெண் பிள்ளைகள் இருவரும் இறங்கியதும் தகப்பனைக் கட்டிப்பிடித்துவிட்டு, இந்த உயரமான வெள்ளைக்காரி யார் என்று அண்ணாந்து பார்த்தார்கள். றோசலின் சேலைக்கு மேல் யாரோ கொடுத்த தடித்த கம்பளிச் சட்டையோடு நின்றார். அண்ணை பெருமை தாங்காமல் நீதிமன்றக் கதையை அங்கேயே, ரயில் மேடையிலேயே தொடங்கிவிட்டார். றோசலின் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது.

“இஞ்சேருங்கோ” என்றார். “நாங்கள் அங்க மண்டபத்தில தகரத்துக்குக் கீழ கிடந்து அவிய, நீங்கள் இஞ்ச வெண்ட வழக்கை வேண்டாமெண்டனீங்களோ?”

கையிலிருந்த பை அண்ணையின் தோளில் விழுந்தது. ஒருதரம் இல்லை. அண்ணை குனிந்து பையைத் தடுத்துக்கொண்டே ஃபிராவ் ஹார்ட்விக்கைக் கையால் காட்டினார்.

“அடியாதையப்பா! அம்மாவைக் கேள்! அவவை அப்புக்காத்து ஆக்கினது நான்தான்!”

என்ன சொல்கிறார் என்று ஃபிராவ் ஹார்ட்விக் என்னைப் பார்த்தார். நான் அப்படியே சொன்னேன். ‘போலிருக்கிறது’, ‘சொல்வதற்கில்லை’, இந்த இரண்டில் எது வரப்போகிறது என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் றோசலினுக்கு நேரே திரும்பி, அந்தப் பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

“உண்மை.”

கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். றோசலின் பையைக் கீழே வைத்தார்.